வேலையை விடாதே, பத்து நாள் வந்து இரு

சுங்கை சிப்புட், மலேசியா

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். போன ஞாயிறு நீ போனில் சொன்னதை நினைத்து இரண்டு இரவாகத் தூக்கம் இல்லை. "சிங்கப்பூர் வேலையை விட்டுட்டு வந்துடறேன்மா, இனி தம்பியை நான் பார்த்துக்கறேன்" என்றாய். அப்போது எனக்குப் பேச்சு வரவில்லை. மாப்பிள்ளையும் பேரனும் அங்கே இருக்கிறார்கள். வேலையை விடாதே, கண்ணு.

உன்னிடமிருந்து நான் ஏற்கனவே நிறைய எடுத்துக்கொண்டேன். விடியற்காலையிலேயே பெரட்டு, பேர் கொடுக்கப் போய் நிற்க வேண்டும். அப்பாவும் நானும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகும்போது, டவுன் சிண்ட்ரோமோடு பிறந்த தம்பியைத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் விடுவோம். ஆறு வயதானதும், கால்வாய்ப் பக்கம் ஓடுகிறான், பிடிக்க முடியவில்லை என்று ஆயா கையை விரித்துவிட்டார். அப்புறம் யார் இருந்தார்கள்? நீதான். உனக்கு ஒன்பது வயது. எத்தனை நாள் பள்ளிக்கூடம் போகாமல் நின்றாய்! எல்லாரும் ஈப்போவுக்குச் சுற்றுலா போன அன்று, நம் லயத்து வீட்டு வாசலில் தம்பி கையைப் பிடித்தபடி பஸ்ஸையே பார்த்துக்கொண்டு நின்றாய். உன் அண்ணனை நான் ஒரு நாள்கூட நிறுத்தியதில்லை. ஆம்பளைப் பிள்ளை, படிக்கட்டும் என்று நினைத்தேன். அது நான் செய்த தப்பு. இதை உன்னிடம் எப்போதோ சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது அண்ணன்தான் தம்பிக்குச் சவரம் செய்துவிடுகிறான், மோட்டார் சைக்கிளில் பிடிகே என்கிற சமூக மறுவாழ்வு மையத்துக்குக் கொண்டுபோய் விடுகிறான். 1984-ல் திரெங்கானு பத்து ராக்கிட்டில் தொடங்கிய திட்டமாம் அது. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நம் தோட்டத்துக்கு எட்டவே இல்லை. எட்டியிருந்தால் உன் படிப்பு கெட்டிருக்காது. தம்பி அங்கே துணி மடிக்கிறான். காலையில் பையை மாட்டிக்கொண்டு "வேலைக்குப் போறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவான்.

ஓகேயூ என்கிற மாற்றுத்திறனாளி அட்டை, சமூகநல இலாகா, ஆஸ்பத்திரி எல்லாம் உன் தங்கை பொறுப்பு. "2008-லேயே மாற்றுத்திறனாளிகளுக்குச் சட்டம் வந்தாச்சும்மா, பிச்சை கேக்கிற மாதிரி நிக்காதீங்க" என்று என்னைத் திட்டினாள். திட்டட்டும், நல்லதுதான்.

டாக்டர் ஒன்று சொன்னார். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு நாற்பதுக்கு மேல் மறதி மற்றவர்களைவிடச் சீக்கிரம் வரலாமாம். தைராய்டு குறைந்தாலும் அப்படித்தான் தெரியுமாம், அதனால் ரத்தப் பரிசோதனையை விடக்கூடாது. தம்பிக்கு 36 ஆகிவிட்டது. இன்றைக்கு எப்படி இருக்கிறான் என்று கூட இருந்து பார்த்தவர்களுக்குத்தான் நாளைக்கு மாறினால் தெரியும். அவன் வாயால் சொல்லமாட்டான். போன மாதம் இரண்டு நாள் தட்டைத் தள்ளிவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டே இருந்தான். அண்ணிதான் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். கடைவாய்ப் பல்லில் சீழ். குளிக்கும்போது முதலில் காலில் தண்ணீர் ஊற்ற வேண்டும், தலையில் ஊற்றினால் அலறுவான். மைலோ நீலக் குவளையில் பாதிதான் ஊற்ற வேண்டும். இதெல்லாம் அண்ணிக்குத் தெரியும், உனக்குத் தெரியாது.

நீ அனுப்புகிற பணம் அவன் பேரில் பேங்கில் இருக்கிறது. அது போதும். நான் கேட்பது வேறு. அப்பா போன பிறகு அண்ணனும் அண்ணியும் சேர்ந்து ஒரு இரவுகூட வெளியூரில் தங்கியதில்லை. குலிமில் அவள் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை. அவள் வாய்விட்டுக் கேட்கவும் மாட்டாள். நீ லீவு போட்டு வருஷத்துக்கு ஒருமுறை பத்து நாள் வா. தீபாவளிக்கு வேண்டாம், அன்று வீடு நிறைய ஆள் இருக்கும், அவனும் புதுச்சட்டை போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டே இருப்பான். சாதாரண நாளில் வா. சவரம் பண்ணு, மையத்தில் கொண்டுபோய் விடு, ராத்திரி அவன் எழுந்தால் நீ எழு. என் முழங்கால் இனி ஓடாது. எனக்குப் பிறகு நீங்கள் மூன்று பேருமே அவனைத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். ஒருத்தர் தலையில் மட்டும் விழக்கூடாது. உன் தலையில் நிச்சயமாக விழக்கூடாது.

பஸ் டிக்கெட் எடுத்ததும் எனக்குச் சொல். அவனிடம் முதல்நாள் சொன்னால் போதும். முன்னாலேயே சொன்னால் அன்றிலிருந்தே வாசலில் போய் நிற்பான்.

அன்புடன்,
அம்மா