கா ஜே, சீனத்தில் அக்கா, என்று நாங்கள் கூப்பிட்ட பிள்ளைக்கு

அன்புள்ள பாப்பா,

ஈப்போவில் மூன்று நாளாக மழை. மெல்பர்னில் குளிர் ஏறியிருக்கும். காலுறை போட்டுக்கொண்டு தூங்கு. நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா குனோங் ராப்பாட் போய் ஹியோங் பியா பிஸ்கட் இரண்டு பெட்டி வாங்கி வைத்திருக்கிறாள். பார்சல் கட்டவில்லை. உன் முகவரி மாறிவிட்டதா என்று என்னைக் கேட்கச் சொல்கிறாள். முகவரி அவளுக்கு மனப்பாடம். சீனப் பெருநாளுக்குப் பிறகு நீ அவளைக் கூப்பிடவே இல்லை.

பெருநாள் விருந்தில் அந்தக் கோழித்தொடை யாருக்குப் போனது என்பதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. தம்பிக்கு முப்பது வயது, இன்னும் அவன் கிண்ணத்தில்தான் போகிறது, பார்த்தேன். ஆனால் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு இரண்டு நாள் முன்னாடியே கிளம்பினாயே, அது சரியில்லை. நீ படுத்த தலையணை உறையை அம்மா ஒரு வாரம் துவைக்கவில்லை.

அவளும் மூத்தவள்தான், ஆறு பேரில். 1985-இல் ஈய விலை விழுந்து கிந்தா பள்ளத்தாக்கில் சுரங்கங்கள் மூடியபோது அம்மாவின் அப்பா, உன் கோங் கோங், வேலையில்லாமல் உட்கார்ந்துவிட்டார். மாமாக்கள் படித்தது அம்மாவின் துணிக்கடைச் சம்பளத்தில். மூத்த அக்கா தாய்க்குச் சமம் என்பார் உன் பாட்டி போ போ. அதற்கு மேல் ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. கடைக்குட்டி மாமா போ போவின் தோளில் சாய்ந்து எதையும் கேட்கலாம். அம்மா சமையலறையில் நிற்பாள். கடை முடிந்து வந்தால் அவளுக்குக் கிடைப்பது 'சிக் சோ ஃபான் மேய்', சாப்பிட்டாயா, அவ்வளவுதான். அதை அவள் பாசமென்றே எடுத்துக்கொண்டாள். உனக்கும் அதையே கொடுத்தாள். உனக்கு ஸ்காலர்ஷிப் கிடைத்த அன்று உன்னிடம் ஒன்றும் சொல்லாமல் பழம் நறுக்கி வைத்தாள். பசாரில் மீன்காரர் வரைக்கும் சொல்லிவிட்டு வந்தாள்.

சாப்பிடுகிறாயா? இரவில் வெறும் ரொட்டி வேண்டாம்.

இத்தனை வருஷம் இதையெல்லாம் சீன வீட்டு வழக்கம் என்று அம்மா தலையில் போட்டுவிட்டேன். ஏழு வயதில் நீ சைக்கிளிலிருந்து விழுந்தாய். மோவாய் கிழிந்து பள்ளிச் சட்டையெல்லாம் ரத்தம். தம்பி உன்னைப் பார்த்து வீறிட்டான். நான் அவனைத் தூக்கிக்கொண்டு உன்னைப் பார்த்து, "நீ பெரிய பிள்ளை, அழாதே, அவன் பயப்படுகிறான்" என்றேன். பாதி அழுகையில் வாயை மூடிக்கொண்டாய். நீல கவுனின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்தபடி காரில் ஏறினாய். தையல் போடும்போதும் சத்தமில்லை. தைரியசாலி என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். அன்று அம்மா வீட்டிலேயே இல்லை, பாப்பா. அழாதே என்றது நான். தமிழில் சொன்னேன். தம்பி பிறந்த நாளிலிருந்து உன்னை 'கா ஜே' என்று கூப்பிட அம்மாதான் ஆரம்பித்தாள், ஆனால் பாப்பா என்பதை விட்டது நான்.

அன்று உன்னையும் தூக்கியிருக்க வேண்டும். எனக்கு இரண்டு கை இருந்தது.

பார்சலை வியாழக்கிழமை அனுப்பலாம் என்றிருக்கிறோம். முகவரியை எனக்கு அனுப்பாதே, அம்மாவுக்குச் சொல்.

அப்பா