திவால் அறிவிப்பு தமிழிலும் வரட்டும்

ஆசிரியருக்கு,

திவாலான நிறுவனத்தின் பரிசுக் கூப்பன்களை வைத்திருப்போர் நுகர்வோர் ஆணையத்தை நாடுவது பற்றிய செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். ஆனால், 2016ஆம் ஆண்டு திவால் சட்டத்தின் 14ஆவது பிரிவின்கீழ் தடை வந்துவிட்டால், அந்த நிறுவனத்தின் மீதான வழக்குகள் அப்படியே நின்றுவிடும். பிறகு தீர்ப்பாயம் நியமிக்கும் இடைக்கால நிர்வாகியிடம்தான் உரிமை கோர வேண்டும். அதற்கு முதலில் தரப்படும் அவகாசம் வெறும் 14 நாள்.

உரிமை கோர அழைக்கும் அறிவிப்போ, நிறுவனத்தின் பதிவு அலுவலகமும் முதன்மை அலுவலகமும் உள்ள ஊர்களில் ஓர் ஆங்கில நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் வந்தால் போதும் என்ற நிலை. என் மகள் திருமணத்துக்கு உறவினர்கள் தந்த 6,000 ரூபாய்க் கூப்பன்கள் எல்லைக்கு அப்பால் கேரளத்தில் உள்ள, திவாலான ஒரு கடையுடையவை. களியக்காவிளையில் நாங்கள் மலையாளம் சரளமாகப் பேசுவோம். படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. மலையாள நாளிதழில் வந்த அறிவிப்பு எங்கள் காதுக்கு எட்டியபோது அவகாசம் முடிந்திருந்தது. திருமணச் சீராக வந்த பணம் அது. இன்னும் மனம் ஆறவில்லை. நிறுவனம் பெருமளவில் வணிகம் செய்யும் பிற இடங்களிலும் அறிவிப்பு வெளியிட விதிகளில் இடம் உண்டு. அதை நிர்வாகியின் விருப்பத்துக்கு விடாமல், எல்லை மாவட்டங்களில் தமிழ் நாளிதழிலும் வெளியிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். கூப்பன் வாங்கும்போது கடைக்காரர் குறித்துக்கொள்ளும் கைப்பேசி எண்ணுக்கும் குறுஞ்செய்தி அனுப்பலாம்.

– வாசகர், களியக்காவிளை