கணினி விலைப்பட்டியலில் பாகங்களின் முழுப்பெயரும் எழுதப்பட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

விளையாட்டுக் கணினி என்ற பெயரில் யாழ்ப்பாணத்தில் குறைந்த விலைக்கு விற்கப்படும் கணினிகளுக்கு விலைப்பட்டியல் எழுதப்படும் முறை பற்றித் தங்கள் பத்திரிகை வாயிலாகச் சிலவற்றைக் கூற விரும்புகிறேன்.

உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த என் மருமகனுக்கு, கனடாவிலுள்ள அவனது பெரியம்மா அனுப்பிய காசில், நகரிலுள்ள கடையொன்றில் சில மாதங்களுக்கு முன் கணினி வாங்கினோம். "ஐ7, 16 ஜிபி ராம், 4 ஜிபி விஜிஏ, 500 வாற்று பவர் சப்ளை" என்பதே பட்டியலில் இருந்த விபரம். எண்கள் பெரியவையாக இருந்தன. விலையும் எங்கள் கைக்கு எட்டியது. வீட்டில் அவன் ஆசைப்பட்ட விளையாட்டை ஓட்டியபோது படம் விட்டுவிட்டு நகர்ந்தது. கேசிங்கின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்த பின்னரே விடயம் விளங்கியது.

கணினியின் மூளையான புரொசசர் ஐ7 என்றது உண்மைதான். ஆனால் அது 2011 இல் வெளிவந்த, இரண்டாம் தலைமுறை ஐ7-2600. அதைப் போலவே நான்கு கோர்களும் (கணிக்கும் அலகுகள்) எட்டுத் திரெட்களும் (ஒரே நேரத்தில் நடத்தக்கூடிய வேலை வரிசைகள்) கொண்ட, 2022 இல் வெளிவந்த ஐ3-12100 அதைச் சுலபமாக முந்திவிடும். ஐ7 என்ற பெயர் ஒரு தலைமுறைக்குள் உள்ள படிநிலையை மட்டுமே காட்டுவதால், தலைமுறையைச் சொல்லாமல் அதை எழுதுவதில் பொருளில்லை. எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் புரொசசர்களை, மிகச் சிலவற்றைத் தவிர, மைக்ரோசொப்ட் நிறுவனம் வின்டோஸ் 11 இற்கு ஏற்பதில்லை; வின்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவோ 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது.

திரையில் தெரியும் படத்தை ஆக்கித்தரும் விஜிஏ கார்ட், 2014 இல் வெளிவந்த ஜிடி 730. அதிலிருந்த 4 ஜிபி நினைவகமும் பழைய டிடிஆர்3 வகை. கிணறு எவ்வளவு ஆழமாக இருந்தாலும் இறைக்கும் மெசின் சிறிதென்றால் தோட்டத்துக்கு வேண்டிய தண்ணீர் நேரத்துக்கு வந்து சேராது. விளையாட்டின் வேகத்தை முதலில் தீர்மானிப்பது கார்டின் சிப், ஜிபி எண்ணிக்கை அன்று.

கார்டை மட்டும் மாற்றலாம் என்று ஆர்எக்ஸ் 6600 ஒன்றை விசாரித்தோம். அப்போதுதான் பவர் சப்ளையின் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளை வாசித்தேன். மேலே கொட்டை எழுத்தில் 500 வாற்று. கீழே சிறிய அட்டவணையில், 12 வோல்ற் வரிசைக்கு நேரே, 18 அம்பியர். புரொசசரும் விஜிஏ கார்டும் மின்சாரம் எடுப்பது பெரும்பாலும் இந்த வரிசையிலிருந்துதான். பன்னிரண்டைப் பதினெட்டால் பெருக்கினால் 216 வாற்று. அந்தப் புரொசசரின் மின்தேவை அளவு 95 வாற்று, புதிய கார்டினது 132 வாற்று. இரண்டும் சேர்ந்தாலே 227 வாற்று, அதாவது அந்த 216 ஐ விடக் கூட, ஆகிவிடுகின்றன. ஆக, கார்டை மாற்றுவதென்றால் பவர் சப்ளையையும் மாற்றியாக வேண்டும். புரொசசர் பழையதென்பதால் அதையும், அதனோடு மதர்போர்ட்டையும் ராமையும் மாற்ற வேண்டும். எங்களுக்கு மிஞ்சுவது வண்ண விளக்குகள் பூட்டிய கேசிங் மட்டுமே.

"பட்டியலில் உள்ளதைத்தானே தந்தோம்" என்றார் கடைக்காரர். அது உண்மை. ஒரு சொல்லும் பொய்யாக இல்லாமலே ஒரு குடும்பம் ஏமாறக்கூடியதாகப் பட்டியல் இருப்பதுதான் என் முறைப்பாடு. யூபிஎஸ் வாங்கும்போதும் இதுவே நடக்கிறது: 650 விஏ (வோல்ற்-அம்பியர்) என்பதை 650 வாற்று என்று நினைத்துப் பலர் வாங்குகின்றனர், அத்தகையவற்றுட் பல ஏறத்தாழ 360 வாற்று மட்டுமே தாங்கும்.

காசு குறைவாக உள்ள பெற்றோருக்கு ஒன்று சொல்லலாம். பெயருக்கு ஒரு விஜிஏ கார்டைப் போடுவதிலும், ரைசன் 5 5600ஜி போன்று கிராபிக்ஸ் உள்ளேயே அமைந்த புரொசசரை வாங்கிவிட்டு, நல்ல கார்டைப் பின்னர் காசு சேர்ந்ததும் போடுவது நல்லது. அப்படி வாங்குவோர் 16 ஜிபி ராமை ஒன்றாக எடுக்காமல் 8 ஜிபி வீதம் இரண்டாக எடுக்க வேண்டும்; உள்ளமைந்த கிராபிக்ஸ் அந்த ராமையே தன் நினைவகமாகப் பாவிப்பதால், இரண்டாகப் போடும்போது வேகம் நன்றாகக் கூடும். பின்னர் வரப்போகும் கார்டையும் கணக்கிலெடுத்து, பவர் சப்ளையை முதலிலேயே தரமானதாக வாங்கிவிட வேண்டும்.

பாவித்த பொருளை விற்பது குற்றமன்று. எங்கள் பிள்ளைகள் பலர் பாவித்த கணினியிலேயே படித்து முன்னேறியுள்ளனர். ஆனால் அது பாவித்தது என்று எழுதப்பட வேண்டும். ஒவ்வொரு பாகத்தினதும் முழுப்பெயர், அது புதியதா பாவித்ததா, உத்தரவாதம் எத்தனை மாதம் என்பன காசு வாங்குவதற்கு முன்னரே பட்டியலில் இருக்குமாறு வணிகர் கழகத்தினரும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையினரும் கடைகளுக்கு அறிவுறுத்த வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். "ஐ7" என்று எழுதும் இடத்தில் "இன்டெல் கோர் ஐ7-2600, இரண்டாம் தலைமுறை, பாவித்தது, உத்தரவாதம் 6 மாதம்" என்று எழுத ஒரு வரி போதும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கொக்குவில்.