சேவை மனம் இருந்தால் ஃபீஸ் கட்டிவிடலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் கல்விச் சிறப்பிதழில் எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுநிலைப் படிப்பு பற்றிய கட்டுரையைப் படித்தேன். "சேவை மனப்பான்மை இருந்தால் போதும், செலவைப் பற்றிக் கவலைப்படாமல் சேரலாம்" என்று முடித்திருந்தீர்கள். அந்த வரிக்கு நேர் கீழே அரைப் பக்கத்துக்கு ஒரு சுயநிதிக் கல்லூரி விளம்பரம். கட்டணம் எவ்வளவு என்று கட்டுரையிலும் இல்லை, விளம்பரத்திலும் இல்லை. வாசகர்கள் கவலைப்படக் கூடாது என்ற நல்லெண்ணம்தான் போலிருக்கிறது.

நான் அந்தப் படிப்பைப் படித்தவன். இப்போது அக்கா மகளைச் சேர்க்கக் காங்கேயத்துக்கும் கோவைக்கும் அலைந்துகொண்டிருப்பவன். காதுகுத்துக்கு மடியில் உட்கார வைத்த தாய்மாமன் ஆயிற்றே, ஃபீஸ் என்ற பேச்சு வந்தாலே வீட்டில் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். அம்மாவைப் பெற்ற எங்கள் அமுச்சி மட்டும், "அடுத்தவங்க கஷ்டத்தக் கேக்கறதுக்கு எதுக்குக் கண்ணு காலேஜு, திண்ணையில உக்காந்தா ஆகாதா?" என்கிறார். உங்கள் கட்டுரையும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்கிறது. அமுச்சி பள்ளிக்கூடம் போகாதவர்.

1936-இல் தொடங்கிய மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனம், 1952-இல் தொடங்கிய சென்னை சமூகப்பணிக் கல்லூரி என்று பெருமைகளை அடுக்கியிருக்கிறீர்கள். சரி. அதே டாடா நிறுவனத்தில் பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு இருந்த கட்டணச் சலுகையை நிறுத்தியதால் 2018 பிப்ரவரியில் மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்துப் போராடினார்களே, அந்தச் செய்தி உங்கள் அலுவலகத்தில் யாருக்குமா நினைவில்லை? சலுகை போனால் படிப்பே போய்விடும் என்ற நிலையில் இருந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கும் சேவை மனம் இருந்திருக்கும்.

மும்பைக்கும் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் க்யூட் என்ற தேசிய அளவிலான முதுநிலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். தேர்வு மார்ச்சிலேயே வந்துவிடும், விண்ணப்பம் அதற்கும் முன்பே முடிந்துவிடும். நீங்கள் ஜூனில் வந்து "முயன்று பாருங்கள்" என்கிறீர்கள்.

மீதி இருப்பது உள்ளூர்க் கல்லூரிகள். அரசு உதவி பெறும் பிரிவு, சுயநிதிப் பிரிவு என்று இரண்டு உண்டு. சில இடங்களில் இரண்டும் ஒரே வளாகத்தில் இருக்கும், தேர்வும் ஒன்றே, பட்டமும் ஒன்றே, கட்டணம் மட்டும் எட்டாத தூரத்தில் இருக்கும். ஒரு கல்லூரியில் எங்களுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார்கள். கல்விக் கட்டணம் அச்சில் இருந்தது. அதற்குக் கீழே "இதர" என்று எழுதி, தொகையை மட்டும் பேனாவில் போட்டிருந்தார்கள். இதர என்றால் என்னங்க என்று கேட்டதற்கு, "சேர்ந்த பிறகு சொல்வோம்" என்றார் கவுன்ட்டரில் இருந்த பெண். கண்ணபுரம் சந்தையில் காளை வாங்குகிறவன்கூடப் பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்துத்தான் காசை எடுக்கிறான்.

அந்த "இதர" என்ன என்று எனக்குத் தெரியும். உங்கள் கட்டுரையாளருக்குத் தெரியாது. இந்தப் படிப்பில் வாரம் இரண்டு நாள் களப்பணி. ஆஸ்பத்திரியோ, மில்லோ, குழந்தைகள் காப்பகமோ, எங்கே போட்டாலும் சொந்தக் காசில் போய்வர வேண்டும். சம்பளம் கிடையாது. பெண்களுக்குத்தான் பஸ் இலவசமாயிற்றே என்பீர்கள். அது டவுன் பஸ்ஸுக்கு. காங்கேயத்திலிருந்து சிங்காநல்லூர் போகும் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கிழிக்காமல் விடமாட்டார். போய்வந்த ராத்திரியே ரிப்போர்ட் எழுதியாக வேண்டும். அதனால் மற்றப் பிள்ளைகள் மாதிரி சாயங்காலம் எங்காவது வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கவும் வழியில்லை. அப்புறம் கிராம முகாம். அரிசி, பருப்பு, சமையல்காரர் கூலி, வேன் வாடகை எல்லாம் பிள்ளைகள் பங்கு போட்டுக் கட்டுவதுதான் நான் படித்தபோது வழக்கம். எனக்கு முகாம் பணம் கட்ட அம்மா ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தார்.

அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை என்பதால் அக்கா மகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வந்துகொண்டிருந்தது. இளநிலைப் பட்டத்தோடு அது நின்றுவிட்டது. செலவு கூடும்போது பணம் நிற்கிறது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

வங்கிக்குப் போனோம். 4 லட்சம் ரூபாய் வரை கல்விக் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்பது விதி. மேலாளர் விண்ணப்பத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "இதப் படிச்சா என்ன சம்பளமுங்க வரும்? பி.எட். போட்டுடுங்க. இல்லீன்னா தோட்டத்துப் பத்திரம் இருந்தாக் கொண்டாங்க" என்றார். விதியைச் சொன்னேன், ஏசி இல்லாத அறைக்கு அனுப்பிவிட்டார். 2024 நவம்பரில் மத்திய அரசு அறிவித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பங்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனில் 3 சதவீத வட்டி மானியம் உண்டு. ஆனால் தேர்ந்தெடுத்த கல்வி நிறுவனங்களின் பட்டியலில் நம் கல்லூரி இருந்தால்தான். எந்தக் கல்லூரி என்று முடிவு செய்வதற்கு முன்னால் பார்க்க வேண்டிய பட்டியல் அது. உங்கள் கட்டுரையில் "வங்கிக் கடனும் கிடைக்கிறது" என்று மூன்று சொல்லில் முடித்துவிட்டீர்கள். படிப்பு முடிந்து ஒரு வருடத்தில் தவணை தொடங்கிவிடும் என்பதையும் காணோம்.

தவணை எதில் கட்டுவது? நான் படித்து முடித்துத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நல அலுவலராகச் சேர்ந்தேன். 500 தொழிலாளர் இருந்தால் நல அலுவலர் வேண்டும் என்று 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டம் 49-ஆம் பிரிவில் சொல்லியிருந்ததால் கிடைத்த வேலை. சனிக்கிழமை சம்பளக் கவர் கொடுக்கும்போது மின் தையல் மெஷினில் தைக்கும் பவர்டேபிள் டைலரின் நாலு வாரக் கூலியைக் கூட்டினால் என் மாதச் சம்பளத்தைத் தாண்டும். அவர் உழைப்புக்கு அது தகும், அதில் எனக்கு வருத்தமில்லை. சரக்கு வாங்கும் கம்பெனிக்காரர்கள் சோதனைக்கு வரும் பையர் ஆடிட் அன்றைக்கு மட்டும் எனக்கு ஏசி அறையில் நாற்காலி போடுவார்கள். கார் கேட்டைத் தாண்டியதும் டைம் ஆபீசில் அட்டெண்டன்ஸ் பார்க்கப் போக வேண்டும்.

இதையெல்லாம் முன்பே உங்களுக்கு எழுதியிருக்கிறேன். மில் விடுதிகளில் இருக்கும் பெண்களைப் பற்றி விரிவாக எழுதிய கடிதத்தை இரண்டு வரியாக வெட்டி, அதிலும் ஊர்ப் பெயரைத் தப்பாகப் போட்டீர்கள். பக்கத்திலேயே ராசிபலன் சரியாகப் பலித்ததாக ஒரு வாசகர் எழுதிய கடிதம் முழுசாக வந்திருந்தது. அவருக்கு என் வாழ்த்துகள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த முறை கல்லூரிப் பெயர்களைப் போடும்போது பக்கத்தில் ஒரு கட்டம் கட்டி, உதவி பெறும் பிரிவா சுயநிதியா, இரண்டு வருடத்துக்கும் சேர்த்து மொத்தக் கட்டணம், களப்பணிக்கும் முகாமுக்கும் ஆகும் செலவு, வித்யாலட்சுமி பட்டியலில் இருக்கிறதா என்று போடுங்கள். அதையும் டிசம்பரிலேயே போடுங்கள். விளம்பரம் கொடுத்த கல்லூரியிடம் கட்டண விவரம் கேட்பது சங்கடமாக இருந்தால் சொல்லுங்கள், "இதர" தவிர மற்றதை நானே அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
பல வருட வாசகன்,
காங்கேயம்.

(வேலையில் இருப்பதால் பெயர் வெளியிட வேண்டாம்.)