ரீல் கையில், ராடு கடையில்

மந்தைவெளி, சென்னை
ஞாயிறு இரவு

அன்புள்ள வாட்ச்சு,

உன் கடிதமும் மீன்பிடி ரீலின் படமும் வந்து சேர்ந்தன. பள்ளிக்கூடத்தில் நீ விட்ட ரீல்களைக் கேட்டே வளர்ந்தவன் நான். அறுபது வயதில் நிஜமாகவே ஒரு ரீல் உன் கைக்கு வந்துவிட்டது, மருமகன் புண்ணியத்தில்! இங்கே எல்லாரும் நலம். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டாவது சனிக்கிழமை காலை முட்டுக்காட்டுக்குப் போய்விடுகிறேன். "தாத்தா மீன் பிடிக்கப் போகல, மீன் வாங்கத்தான் போறாரு" என்று பேத்தி ஊரெல்லாம் சொல்கிறாள். ஒரு தடவை பக்கத்துக் கோவளத்தில் சங்கரா வாங்கினேன், அதை அவள் பார்த்துத் தொலைத்துவிட்டாள்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பெய்ட்காஸ்டிங் ரீலை வீட்டில் இருக்கும் பழைய ராடிலேயே (தூண்டில் கோலிலேயே) மாட்டிவிடலாமா என்று கேட்டிருந்தாய். மாட்டாதே. நான் மாட்டிப் பட்டவன்.

உன் பழைய ராடு ஸ்பின்னிங் ரீலுக்கானது. அந்த ரீல் ராடுக்குக் கீழே தொங்கும், நரம்பு, அதாவது தூண்டில் நூல், சுருள் சுருளாகக் கழன்று ஓடும். சுருளை அடக்கத்தான் ராடில் நரம்பு நுழையும் முதல் வளையம் அவ்வளவு பெரிதாக இருக்கிறது. இந்தப் புது ரீல் ராடுக்கு மேலே உட்காரும். நரம்பு சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூலே சுழன்று நரம்பை நேராக விடுவதால் சின்ன வளையமே போதும். ஆனால் எண்ணிக்கை கூடுதலாக வேண்டும். மீன் இழுத்து ராடு வில்லாக வளையும்போது, இரண்டு வளையங்களுக்கு நடுவே இடைவெளி அதிகம் இருந்தால் நரம்பு ராடின் முதுகிலேயே உரசும். எனக்கு அப்படி உரசித்தான் நல்ல பாரை ஒன்று லூரோடு (செயற்கை இரையோடு) போனது. அதைவிட மானக்கேடு, பழைய ராடில் கைப்பிடிக்கு அடியில் விரல் மாட்டும் கொக்கி கிடையாது. வேர்த்த கையோடு ஓங்கி வீசினேன், ராடே பாதி தூரம் பறந்தது. முட்டளவு சேற்றில் இறங்கித் தேடினேன். கரையில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

இன்னொன்று சொல்ல வேண்டும், உன் அப்பா இருந்திருந்தால் ரசித்திருப்பார். இந்த வகை ரீலின் முன்னோடியைச் செய்தவரும் அவரைப் போல ஒரு கடிகாரக்காரர்தான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கென்டக்கியில், பாரிஸ் என்ற ஊரில் இருந்த ஜார்ஜ் ஸ்னைடர். கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் ஸ்பூல் பல சுற்று சுற்றும்படி பல்சக்கரம் வைத்தார். உன் ரீலின் பெட்டியில் 6.3:1 என்று போட்டிருக்கிறதே, அந்தக் கணக்குதான் இது.

இப்போது ராடு. ரீலைப் பார்த்து ராடு தேடாதே, எந்த மீனை எங்கே பிடிக்கப் போகிறாய் என்று பார்த்துத் தேடு. உங்கள் நெல்லைக் குளங்களில் தாமரையும் பாசியும் மூடிக் கிடக்கும், அடியில் விரால். அதற்குத் தவளை வடிவ ஃபிராக் லூர்தான். ஃபிராக்கின் இரண்டு முள்ளும் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் இலையில் சிக்காது. ஆனால் அந்த மெத்தென்ற உடம்பை நசுக்கி, தடித்த முள்ளை விராலின் வாயில் ஏற்ற வேண்டும், ஏற்றிய கையோடு தாமரைத் தண்டிலிருந்து பிடுங்கியும் எடுக்க வேண்டும். தொளதொள ராடு அங்கே உதவாது. ஏழடி, ஹெவி, ஃபாஸ்ட் ஆக்‌ஷன், அதாவது நுனி மட்டும் வளைந்து நடுவுடம்பு விறைப்பாக நிற்பது. நரம்பு 50 பவுண்டு பிரெய்டு (பின்னிய நரம்பு), அதாவது சுமார் 23 கிலோ தாங்குவது. அப்புறம், சிவப்புக் குஞ்சுக் கூட்டம் தெரிந்தால் அந்தப் பக்கம் வீசாதே. அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும்.

என் கதை வேறு. முட்டுக்காட்டில் எனக்குக் கொடுவா வேண்டும். அது தண்ணீருக்கு மேலே எகிறித் தலையை உதறும். பிரெய்டு இழுபடாது, ராடும் விறைப்பு என்றால் லூரின் மும்முனை முள் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். அதனால் மீடியம் ஹெவி, கொஞ்சம் நடுவரை வளைந்து கொடுக்கிற மாடரேட் ஃபாஸ்ட். செவுள் மூடி கத்தி மாதிரி இருக்கும், எனவே நரம்பின் முனையில் தடித்த தங்கூசி (நைலான்) துண்டு ஒன்றை லீடராகக் கட்டுவேன். (அந்த மீனைப் பற்றி ஒரு வேடிக்கை: பிறக்கும்போது ஆண், வளர்ந்து பெருத்த பிறகு பெண். நம் ஊர் சிபா (மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம்) விஞ்ஞானிகள் 1997இல் அதைக் குஞ்சு பொரிக்க வைத்தார்கள்.)

கைப்பிடிக்குச் சற்று மேலே ராடில் லூர் எடை எழுதியிருக்கும், அதைப் படிக்காமல் காசு கொடுக்காதே. உன்னிடம் இருப்பதெல்லாம் மூன்று, ஐந்து கிராம் பொடி லூர்கள். ஸ்பூலை இழுத்துச் சுழற்ற அவற்றுக்குப் பலம் போதாது. முதலில் 12, 15 கிராம் லூர் வாங்கு, அந்த எடை நடுவில் வருகிற ராடாகப் பார்.

கடைக்கு ரீலை எடுத்துப் போ. மாட்டிப் பிடித்துப் பார், நுனி பாரமாகத் தொங்கினால் மாலைக்குள் மணிக்கட்டு வலிக்கும். கொஞ்சம் பஞ்சை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் தேய்த்து எடு. இழை பிடித்துக்கொண்டால் உள்ளே கீறல் இருக்கிறது, பிரெய்டை அறுத்துவிடும். உன் படத்தில் ரீலின் கைப்பிடி வலது பக்கம். ஸ்பின்னிங் ரீல் போல இதைப் பக்கம் மாற்ற முடியாது. நீதான் இடதுகைக்காரன் ஆயிற்றே! இடக்கையில் வீசி, கை மாற்றாமல் வலக்கையில் சுற்றலாம். உலகத்தில் இடதுகைக்காரனுக்கு வசதியாக அமைந்த ஒரே சாமான் இதுவாகத்தான் இருக்கும்.

கிராஃபைட் ராடில் மின்சாரம் பாயும். குளக்கரை மின்கம்பிக்கு அடியில் தூக்கிக்கொண்டு நடக்காதே, இடி இடித்தால் கீழே போட்டுவிட்டு வந்துவிடு.

முதல் மாதம் நரம்பு காக்காய்க்கூடு மாதிரி சிக்கும், கோபப்படாதே. லூரைத் தொங்கவிட்டு, அது மெதுவாக இறங்குகிற அளவுக்கு ரீலின் பக்கத் திருகை முறுக்கு. பிரேக்கை முழுதாக வை. லூர் தண்ணீரைத் தொடும்முன் கட்டை விரலால் ஸ்பூலை அமுக்கு. எனக்கு இன்னும் பத்துக்கு ஒன்று சிக்குகிறது.

பொங்கல் கழிந்து இங்கே வா, சேர்ந்தே போகலாம். ஏழடி ஒற்றைத் துண்டு ராடை நெல்லை எக்ஸ்பிரஸில் எங்கே வைப்பாய்? கைப்பிடியில் மட்டும் கழலுகிற வகை கிடைத்தால் அதை வாங்கு, வளைகிற பகுதி முழுசாக இருக்கும். அப்பா கடையில் இருந்த அந்தக் குட்டி எண்ணெய்க் குப்பியைப் பத்திரமாக வைத்திருந்தால் கொண்டு வா. என் ரீல் ஒன்று கரகரவென்று சத்தம் போடுகிறது.

அன்புடன்,
நெத்திலி
(இப்போது 88 கிலோ)