மனநல ஓ.பி. நாளில் வீட்டாருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்

வேலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் மாவட்ட மனநலத் திட்டக் குழுவினருக்கும் வணக்கம்.

மனநோய்க்கு வைத்தியம் பார்க்கும்போது வீட்டாரையும் கூடவே உட்கார வைப்பது வேலூருக்குப் புதிதல்ல. 1957-இல் வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மனநல மையம் தொடங்கிய காலத்திலிருந்தே, நோயாளியோடு குடும்பத்தில் ஒருவர் தங்கும் வழக்கம் அங்கே உண்டு. அந்த வழக்கத்தைக் குடியாத்தம், பேர்ணாம்பட்டு, அணைக்கட்டு அரசு மருத்துவமனைகளின் மனநல ஓ.பி.க்கும் கொண்டுவர வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. அதைச் செய்ய வேண்டியவர் உளவியலாளர்.

ஆனால் உளவியலாளரின் நேரம் எங்கே போகிறது? பெரும்பகுதி ஊனமுற்றோர் சான்றிதழுக்கு ஐ.க்யூ. (அறிவுத்திறன்) சோதனை எடுப்பதில் போய்விடுகிறது. அதுவும் தேவையான வேலைதான், மறுக்கவில்லை. அதற்குத் தனி நாள் ஒதுக்குங்கள். மாத்திரை கொடுக்கும் நாளில் அவர் குடும்பங்களோடு பேசட்டும். ஒரு குடும்பத்துக்கு 45 நிமிடம், ஒரு மதியத்துக்கு நான்கு குடும்பம். அதற்கு மேல் அடைத்தால் பேச்சு போய் அறிவுரைதான் மிஞ்சும்.

அந்த 45 நிமிடத்தில் முதலில் வீட்டார் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். 'காத்து கருப்பு', 'செய்வினை' என்றால் வாதம் வேண்டாம். கோயிலுக்கோ தர்காவுக்கோ போகட்டும், மாத்திரையும் நிற்காமல் போகட்டும். சங்கிலி போடுவது மட்டும் கூடாது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அதை வெளிப்படையாகத் தடை செய்கிறது.

அடுத்தது மாத்திரை. மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்ய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். ஆனால் குமட்டல், தூக்கக் கலக்கம் போன்ற தொந்தரவுகள் முதல் வாரத்திலேயே வந்துவிடும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பத்தாம் நாள் மாத்திரை பரணுக்குப் போய்விடும். 'நல்லாத்தானே இருக்கான், இனி எதுக்கு?' என்று நிறுத்துவது அடுத்த கட்டம். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் வீடுகளும் உண்டு. அது தெரியவந்த அன்று மாத்திரை மேல் மட்டுமல்ல, அம்மா வைக்கும் சோற்றின் மேலும் நம்பிக்கை போய்விடும்.

மூன்றாவதுதான் உண்மையில் உளவியலாளரின் வேலை: வீட்டுப் பேச்சு. மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) வந்தவருக்கு எதையும் தொடங்கும் உந்துதலே குறைந்துபோகும். வீட்டார் கண்ணுக்கு அது சோம்பேறித்தனம். 'தின்னுட்டுத் தின்னுட்டுத் தூங்கறான்' என்ற ஏச்சு நாள் முழுக்க ஓடும். ஓயாத குறைகூறலும் சரி, கையைப் பிடித்தபடியே நடத்தும் அதீத பாதுகாப்பும் சரி, நோய் திரும்ப வரும் வாய்ப்பைக் கூட்டும் என்பது பல நாட்டு ஆய்வுகளில் உறுதியான விஷயம். அதனால் மாற்று வாக்கியத்தை அறையிலேயே சொல்லிப் பழக்க வேண்டும். 'ஒழுங்கா இரு' என்றால் அவருக்கு ஒன்றும் புரியாது. 'பத்து மணிக்குள்ள குளிச்சிட்டு வாப்பா, சேர்ந்து சாப்பிடலாம்' என்றால் செய்ய முடியும். ஒரு வாரத்துக்கு ஒரு வேலை போதும்.

கிளம்பும் முன் ஒரு தாளில், இவருக்கு நோய் திரும்பும்போது முதலில் தெரியும் அறிகுறிகளை அவரையும் வைத்துக்கொண்டே எழுத வேண்டும்: இரண்டு ராத்திரி தூக்கமில்லை, தனியாகப் பேசுகிறார், குளிப்பதில்லை. யாருக்குப் போன் செய்வது என்பதும் அதில் இருக்கட்டும்; ராத்திரியானால் 14416, டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண். நிலம் வைத்திருக்கும் வீடென்றால் பூச்சிமருந்து எங்கே இருக்கிறது, சாவி யாரிடம் என்று கேட்காமல் அனுப்பக் கூடாது.

நேரமும் முக்கியம். பீடி சுற்றுபவருக்கும் தோல், ஷூ கம்பெனிக்குப் போகிறவருக்கும் காலை 11 மணி என்றால் ஒரு நாள் கூலி போச்சு. மாதம் ஒரு ஞாயிறோ, மாலை 5 மணிக்கு மேலோ வைத்தால்தான் அப்பாக்களும் வருவார்கள். கம்மவான்பேட்டை மாதிரி பலர் ராணுவத்தில் இருக்கும் ஊர்க் குடும்பங்களில் முடிவெடுக்கிறவர் எல்லையில் இருப்பார். நோயாளி சம்மதித்தால் அந்த முடிவெடுக்கிறவரைப் போனில் சேர்த்துக்கொள்ளலாம். பேர்ணாம்பட்டில் உருது தெரிந்த ஊழியர் ஒருவர் வேண்டும். பத்து வயதுப் பிள்ளையை வைத்து அம்மாவின் மனநோயை மொழிபெயர்க்க வைப்பது எந்த வகையிலும் நியாயமில்லை.

கதவு சாத்தும் அறை கட்டாயம். வீடு தேடி வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியர்கள் பி.எச்.க்யூ.-9 என்ற மனச்சோர்வுக் கேள்வித்தாளைக் கேட்பதானாலும் இதே விதிதான். திண்ணையில் மாமியார் பக்கத்தில் இருக்க, மருமகள் ஒன்பது கேள்விக்கும் 'இல்லை' என்றுதான் சொல்வாள். ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அதற்குப் பூஜ்யம் தவிர எந்தப் பதில் வந்தாலும், மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும், அன்றைக்கே உளவியலாளரிடம் தகவல் போக வேண்டும். பிரசவித்த பெண்களுக்கு மனச்சோர்வைக் கண்டறியும் எடின்பரோ அளவுகோல் தமிழிலேயே இருக்கிறது. பத்தே கேள்வி. குழந்தையின் ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு வரும் புதன்கிழமையே கேட்டுவிடலாம்.

மாவட்டம் முழுக்க ஒரே நாளில் தொடங்கச் சொல்லவில்லை. குடியாத்தத்தில் ஆறு மாதம் நடத்திப் பாருங்கள். எத்தனை பேரிடம் பேசினோம் என்ற கணக்கு வேண்டாம். மாத்திரை வாங்க வராமல் விட்டவர்கள் எத்தனை பேர், முந்தைய ஆறு மாதத்தில் எத்தனை பேர் என்று மருந்தக ரிஜிஸ்டரை ஒப்பிட்டாலே போதும். குடும்பத்துக்குக் கொடுக்கும் தாளின் மாதிரி தமிழிலும் உருதிலும் எங்களிடம் இருக்கிறது. கேட்டால் அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
வேலூர் மாவட்டத்தில் பணிபுரியும் உளவியலாளர்கள், மனநல சமூகப்பணியாளர்கள்