மின்தடையில் நிரம்பி வழியும் சம்ப் குறித்த புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர்,
பெரம்பூர், சென்னை.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: கடல்நீர் மீன் தொட்டிக்கு நீங்கள் அமைத்துத் தந்த சம்ப் வடிகட்டி (மீன் தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் வைக்கும் வடிகட்டித் தொட்டி), மின்தடையின்போது நிரம்பி வழிவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

என் வீட்டில் நான்கு ஆண்டுகளாகக் கடல்நீர் மீன் தொட்டி ஒன்றைப் பராமரித்து வருகிறேன். பின்பக்கம் தொங்கவிட்ட வடிகட்டி போதாமல் மீன்கழிவால் சேரும் நைட்ரேட் ஏறிக்கொண்டே போனதால், புரோட்டீன் ஸ்கிம்மருடன் (கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி) சம்ப் அமைக்கும் வேலையைச் சென்ற மாதம் 9-ஆம் தேதி உங்கள் நிறுவனத்திடம் ஒப்படைத்து, 38,500 ரூபாயையும் முழுமையாகச் செலுத்தினேன். (சம்ப் என்றதும், மெட்ரோ தண்ணீர்த் தொட்டியை எதற்குக் கூடத்தில் கட்டுகிறாய் என்று என் தாயார் கேட்டது தனிக்கதை.) தொட்டிக் கண்ணாடியில் துளையிட்டதிலும் சிலிக்கோன் ஒட்டியதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பன்னிரண்டாம் நாள் இரவு மின்சாரம் நின்றது. சம்ப்பிலிருந்து குழாய் வழியாக நீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் ஓயவும், மேல்தொட்டி நீர் அதே குழாய் வழியாகச் சைபன் போலக் கீழே இறங்கத் தொடங்கி, சம்ப் நிறைந்து கூடம் முழுவதும் உப்புநீர் பரவியது. அலமாரிக்குள் தரையோடு தரையாக உங்கள் பணியாளர் வைத்துவிட்டுப் போன எக்ஸ்டென்ஷன் பெட்டிக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நீர் நின்றதை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தபோதுதான், நடந்திருக்கக்கூடியது எனக்கு உறைத்தது.

மறுநாள் தொலைபேசியில் பேசிய உங்கள் பணியாளர், "என்.ஆர்.வி. வால்வு போட்டிருக்கிறோம் சார், தண்ணி திரும்பி வராது, கரன்ட் போனா அதுக்கு நாங்க பொறுப்பில்லை" என்றார். ஆள் அனுப்புவதாகச் சொன்னார், யாரும் வரவில்லை. அடுத்த பத்து நாட்களில், நான் அலுவலகத்தில் இருந்தபோது, இன்னும் இருமுறை வழிந்தது.

இது மின்வாரியத்தின் குற்றமா, அமைப்பின் குற்றமா என்பதை அளவு நாடாவே சொல்லிவிடுகிறது. என் தொட்டியின் நீளம் 120 செ.மீ., அகலம் 45 செ.மீ.; ஆகவே ஒரு செ.மீ. நீர் இறங்கினால் 5.4 லிட்டர். ரிட்டர்ன் குழாயின் வாயை நீர்மட்டத்துக்கு 6 செ.மீ. கீழே பொருத்தியிருக்கிறீர்கள், அந்த வாய் வெளியே தெரிந்து காற்று புகும்வரை சைபன் நிற்காது என்பதால், ஏறத்தாழ 32 லிட்டர் கீழே வந்தே தீரும். 75 செ.மீ. நீளமும் 35 செ.மீ. அகலமும் 40 செ.மீ. உயரமும் கொண்ட சம்ப்பில், 32 செ.மீ. வரை நீர் நிரப்பும்படி உங்கள் பணியாளரே மார்க்கரால் கோடு போட்டுத் தந்தார். மேலே மிஞ்சும் 8 செ.மீ. இடத்தில் 21 லிட்டர்தான் கொள்ளும். மீதி 11 லிட்டர் தரைக்குத்தான் போக வேண்டும். குழாயில் நிற்கும் நீரை நான் இதில் சேர்க்கவில்லை.

நீரை ஒரு திசையில் மட்டும் விடும் என்று நீங்கள் நம்பிய அந்த என்.ஆர்.வி. வால்வைக் கழற்றிப் பார்த்தேன். பவள மணல் துகள் ஒன்று மூடியின் ஓரத்தில் சிக்கி, அது முழுவதும் மூடாமல் நின்றது. அதைவிட மோசம், வால்வு பித்தளை. உள்விளிம்பில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. பித்தளையில் பெரும்பங்கு செம்பு. மீன் தாங்கும் அளவுச் செம்பைக்கூட இறாலும் பவளமும் தாங்கா என்பதால்தான், மீனுக்குச் செம்பு மருந்து கொடுப்பவர்கள் மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றிக் கொடுக்கிறார்கள். கடல்நீர்த் தொட்டி அமைப்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனம் குழாய்க்கடை வால்வைப் பொருத்தியதை என்னால் ஏற்க இயலவில்லை.

மூன்றாம் வாரம் என்னுடைய இரண்டு கிளீனர் இறால்களும் இறந்தன. வால்வுதான் கொன்றது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஒவ்வொரு முறையும் வழிந்து போனது உப்புநீர். அந்தக் குறையைத் தானியங்கி நிரப்பி ஆர்.ஓ. நன்னீரால் ஈடுகட்டியதில், லிட்டருக்கு 35 கிராம் இருந்த உப்பளவு 32-க்கு இறங்கியிருந்தது. அதுவும் காரணமாக இருக்கலாம். இரண்டுமே உங்கள் வேலையில் வந்து முடிபவை. தற்போது சம்ப்பை நிறுத்திவிட்டு, பழைய வடிகட்டியையே ஓட்டி வருகிறேன்.

ஆகவே, ரிட்டர்ன் குழாயின் வாயை நீர்மட்டத்துக்கு 2 செ.மீ.க்குள் உயர்த்தி, மட்டத்தை ஒட்டி அதில் சைபனை முறிக்கும் சிறு துளை இட்டு, பித்தளை வால்வை அகற்றி, மின்பெட்டியைச் சம்ப்பின் விளிம்புக்கு மேலே மாற்றித் தர வேண்டும். உப்பிய அலமாரியின் அடிப்பலகைக்கும் இறால்களுக்கும் உரிய இழப்பீடும் தர வேண்டும். வேலை முடிந்ததும் என் முன்னிலையில் பம்ப்பை நிறுத்திக் காட்டாமல் உங்கள் ஆட்களின் தாளில் கையொப்பமிட மாட்டேன்.

15 நாட்களுக்குள் இவை நடைபெறாவிடில், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ், சேவைக் குறைபாடு எனக் குறிப்பிட்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், சம்ப்பின் மார்க்கர் கோடும் வால்வும் தெரியும் புகைப்படங்கள். கழற்றிய வால்வு என்னிடமே உள்ளது.